அடையாள அட்டையை வட்ஸ்அப் குரூப்பில போடச் சொல்லினம், போடலாமா?

2025 ஜூன் 2, இரவு 9.14 · மேல்மாடி

வெள்ளவத்தையில வாடகைக்கு இருக்கிறம். எங்கட தொடர்மாடி நிர்வாகக் குழு, 18 வயசுக்கு மேற்பட்ட எல்லாரின்ர அடையாள அட்டையையும் ரெண்டு பக்கமும் படம் எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வட்ஸ்அப் குரூப்பில போடச் சொல்லியிருக்கு. குரூப்பில 60 பேருக்கு மேல. வோச்சரும் இருக்கிறார், லிப்ட் திருத்த வாறவரும் இருக்கிறார். பொலிஸ் கேட்டதெண்டு சொல்லினம், எழுத்தில ஒண்டையும் காட்டேல்லை. அரைவாசிப் பேர் போட்டிட்டினம். "மறைக்க ஒண்டும் இல்லாட்டி ஏன் யோசிக்கிறியள்" எண்டு ஒருவர் குரூப்பிலயே கேட்டிட்டார். போடாட்டி என்ன செய்யலாம்?

2025 ஜூன் 2, இரவு 10.31 · காலிவீதி

குரூப்பில் போட வேண்டாம் தங்கச்சி. பொலிஸ் உண்மையாகவே கேட்டிருந்தாலும் அதை 60 பேர் பார்க்க வேண்டிய தேவை இல்லை.

"வெறும் நம்பர்தானே" என்பவர்களுக்காக அந்த நம்பரை வாசித்துக் காட்டுகிறேன். புதிய 12 இலக்க எண் ஒன்று 1990561 என்று தொடங்குகிறது என்று வைப்போம். முதல் நான்கு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 561 இல் 500 போனால் 61. ஆகவே இவர் 1990 மார்ச் 2 ஆம் திகதி பிறந்த பெண். மிச்சம் ஐந்து இலக்கமும் தொடரிலக்கமும் சரிபார்ப்பு இலக்கமும். பழைய 9 இலக்க எண்ணிலும் இதே கணக்குத்தான், ஆண்டுக்கு மட்டும் இரண்டு இலக்கம்.

இதனால் என்ன நடக்கிறது? தொலைபேசியில் ஆளை உறுதிப்படுத்தும்போது அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் கேட்பது வழக்கம். இரண்டு கேள்வி என்று தோன்றும், ஆனால் முதல் விடைக்குள்ளேயே இரண்டாவது விடை கிடக்கிறது. மின்னஞ்சலில் வரும் வங்கிக் கணக்குக்கூற்று பலதுக்கும் கடவுச்சொல் இதே இலக்கம்தான். முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து ஒருவரிடம் இருந்தால் முகமும் கையெழுத்தும் முகவரியும் பிறந்த இடமும் கிடைத்துவிடும். பிறந்த இடம் என்ற அந்த ஒரு வரிக்குக் கொழும்பில் தமிழருக்கு என்ன பாரம் என்று நான் விளக்கத் தேவையில்லை.

கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கொடுக்கும் முறையை நாளைக்கு எழுதுகிறேன்.

2025 ஜூன் 3, காலை 6.50 · காலிவீதி

நேற்றுப் போட்ட கணக்கில் ஒரு நாள் பிழை. அடையாள அட்டைக் கணக்கு எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரியை 29 நாளாகவே எடுக்கும், லீப் ஆண்டோ இல்லையோ. ஜனவரி 31, பெப்ரவரி 29, சேர்த்தால் 60. ஆகவே 61 என்பது மார்ச் 1. சுவர்க் கலண்டரில் எண்ணிப் பார்த்து "என்ர திகதி பொருந்தேல்லை" என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மார்ச் 1 தொடக்கம், லீப் அல்லாத ஆண்டில் பிறந்த எல்லாருக்கும் அந்த ஒரு நாள் வித்தியாசம் வரும்.

2025 ஜூன் 3, பகல் 1.20 · காலிவீதி

பிரதி கொடுக்கும் முறை.

கடதாசியில் என்றால் கறுப்பு வெள்ளைக் கொப்பி ஒன்று எடுங்கள். கொப்பியின் மேல் நீல அல்லது சிவப்புக் குமிழ்முனைப் பேனையால், படத்தின் ஓரத்தையும் இலக்கத்தின் ஒரு பகுதியையும் வெட்டிக்கொண்டு போகுமாறு சாய்வாக இரண்டு கோடு இழுத்து, கோடுகளுக்கு நடுவில் எழுதுங்கள்: "இன்ன தொடர்மாடி வதிவோர் பதிவுக்கு மட்டும். 2025.06.08. வேறு தேவைக்குச் செல்லாது." கீழே கையெழுத்து. வெள்ளை ஓரத்தில் எழுதினால் பிரயோசனம் இல்லை. ஓரத்தை மடித்து மீண்டும் கொப்பி எடுத்தால் எழுத்துப் போய்விடும். எழுத்து அட்டையின் உருவத்துக்கு மேலேயே ஏற வேண்டும். பென்சிலும் ஜெல் பேனையும் வேண்டாம், இரண்டும் அழியும்.

போனில் அனுப்புவதென்றால் தேவையில்லாததை மறைத்துவிட்டு அனுப்பலாம். வதிவோர் பதிவுக்குப் பெயரும் படமும் போதும். மறைக்கும்போது வழக்கமாக மூன்று இடத்தில் பிழை வரும். படம் திருத்தும் செயலியில் "மார்க்கர்" அல்லது "ஹைலைட்டர்" என்று வருவது பல தடவை தேய்த்தால் கறுப்பாகத் தெரியும், ஆனால் அது அரைவாசி ஊடுதெரியும் மை. வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே உள்ள இலக்கம் வந்துவிடும். நிரப்பிய சதுரம் ஒன்றை வையுங்கள். இரண்டாவது பிழை பிடிஎப் கோப்பில் கறுப்புப் பெட்டி வைப்பது. பெட்டி வெறும் மூடி, எடுத்தால் கீழே எல்லாம் அப்படியே இருக்கும். மூன்றாவது, வெட்டிய படத்தை முழுக்க நம்புவது. 2023 மார்ச்சில் கூகுள் பிக்சல் போன்களில் வெட்டிய ஸ்கிரீன்ஷொட்டுகளில் இருந்து வெட்டப்பட்ட பகுதியையும் மீட்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். பழைய கோப்பின் மேல் புதியதை எழுதும்போது வால்பகுதி அழியாமல் கிடந்திருக்கிறது. ஆகவே மறைத்து முடிந்ததும் அந்தப் படத்தைத் திரையில் திறந்து ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷொட்டை வெட்டாமல் அனுப்புங்கள். படக் கோப்புக்குள் பதிந்திருக்கும், படம் எடுத்த இடத்தின் ஆள்கூறும் இப்படிச் செய்தால் நீங்கிவிடும்.

2025 ஜூன் 3, இரவு 8.05 · செப்புக்கம்பி

காலிவீதி அண்ணா சொன்னதோடு ஒன்று. ஏற்கெனவே போட்டவர்கள் இண்டைக்கே "எல்லோருக்கும் நீக்கு" குடுங்கோ. வட்ஸ்அப்பில அதுக்கு இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடத்தான் அவகாசம், அதுக்குப் பிறகு உங்கட போனில மட்டும்தான் அழியும். அட்மினும் மற்றவை போட்டதை நீக்கலாம், அவரையும் உடன கேளுங்கோ. நீக்கினாலும் முழுக்கப் போகாது: ஐபோனில படங்கள் தானாக ஆல்பத்தில சேமிக்கிற மாதிரி வைச்சிருக்கிறவையிட்ட அந்தப் படம் அங்கயே நிக்கும்.

2025 ஜூன் 3, இரவு 9.40 · மேல்மாடி

ஒருக்கால் மட்டும் பார்க்கிற மாதிரி அனுப்பினால்?

2025 ஜூன் 3, இரவு 9.58 · செப்புக்கம்பி

அதில ஸ்கிரீன்ஷொட் எடுக்க விடாது, உண்மைதான். பக்கத்தில இருக்கிற இன்னொரு போனால படம் எடுக்கிறதை அதால தடுக்கேலாது. திறக்காட்டில் 14 நாளில காலாவதியாகும். தெரிஞ்ச ஒராளுக்கு அனுப்ப நல்லது, 60 பேருக்கு அனுப்பேக்க பிரயோசனம் இல்லை.

இன்னொரு இடம் இருக்கு: பக்கப்பிரதி. வட்ஸ்அப் செய்தி ஒரு போனில இருந்து மற்றப் போனுக்குப் போகேக்க பூட்டித்தான் போகுது. ஆனா கூகுள் கணக்கிலயோ ஐகிளவுட்டிலயோ ஏறுற பக்கப்பிரதி அதே மாதிரிப் பூட்டுப்பட்டிருக்காது, அந்தப் பூட்டை நீங்கள்தான் போடோணும். செட்டிங்ஸ், சட்ஸ், சட் பெக்கப், கடைசியில "எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பெக்கப்". கடவுச்சொல் ஒண்டு வைக்கலாம், அல்லது 64 இலக்கத் திறவுகோல். திறவுகோலைக் கடதாசியில எழுதி வீட்டில வையுங்கோ. அது துலைஞ்சால் நிறுவனத்தாலயும் மீட்டுத் தரேலாது.

2025 ஜூன் 4, மாலை 5.15 · காலிவீதி

வட்ஸ்அப்பையே பேசிக்கொண்டு, கொப்பியும் அச்சும் எடுக்கும் கொமியூனிகேஷன் கடையை மறந்துவிட்டோம். கொழும்பில் அடையாள அட்டைப் பிரதி அதிகம் கசியக்கூடிய இடம் அதுதான் என்பது என் கணிப்பு.

நடப்பது இது. அட்டையின் படம் போனில் இருக்கிறது. கடைக்காரத் தம்பி "என்ர நம்பருக்கு அனுப்புங்கோ" என்கிறார். அனுப்புகிறோம், அவர் கணினியில் இறக்கி அச்சடித்து 20 ரூபாவோ 30 ரூபாவோ வாங்குகிறார். படம் அவருடைய போனிலும் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையிலும் கிடக்கிறது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, வேலை நேரத்தில் அழிக்க யாருக்கும் நினைவு வராது. கணினி பழுதாகித் திருத்தக் கொடுக்கும்போது எல்லாம் கூடவே போகும்.

இதைவிட மோசம் கடைக் கணினியில் வட்ஸ்அப் வெப் திறந்து, தானே இறக்கி அச்சடித்துவிட்டு, வெளியேறாமல் வருவது. உங்கள் முழு உரையாடலும் அங்கே திறந்து கிடக்கும். இப்போதே பாருங்கள்: வட்ஸ்அப் மெனுவில் "லிங்க்ட் டிவைசஸ்". தெரியாத கணினி இருந்தால் அதைத் தொட்டு "லொக் அவுட்". பட்டியலில் கடைசியாக உயிர்த்த நேரமும் வரும்.

முடிந்தால் அட்டையையே கொண்டுபோய்க் கண்ணெதிரே கொப்பி எடுங்கள். கண்ணாடியின் மேல் அட்டையை மறந்து வருபவர்கள் நிறைய, மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். பிழையாக விழுந்த கொப்பியையும் கேட்டு வாங்குங்கள். கூடைக்குள் போட விட வேண்டாம்.

2025 ஜூன் 5, காலை 11.30 · காலிவீதி

பொலிஸ் கேட்டது என்ற பகுதிக்கு வருகிறேன். வீட்டில் இருப்போரின் விபரம் தரச் சொல்லும் அதிகாரம் அவசரகாலச் சட்டத்தோடு வந்தது, அது போனதும் அதுவும் போய்விட்டது. ஆகவே கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

2025 ஜூன் 6, இரவு 10.10 · காலிவீதி

நேற்று எழுதியதை அப்படியே எடுக்க வேண்டாம், பிழை. பொலிஸ் கட்டளைச் சட்டம், 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கம், இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் 76 ஆம் பிரிவு, பொலிஸ் கேட்டால் வீட்டுக்காரர் தன் வீட்டில் இருப்போரின் பட்டியலைக் கொடுக்க வேண்டும் என்கிறது. பொலிஸ் தரப்பு இந்தப் பிரிவைத்தான் காட்டும். "சட்டமே இல்லை" என்று வாசலில் நின்று வாதாடி யாராவது மாட்டுப்பட்டால் அந்தப் பொறுப்பு என்னுடையது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

ஆனால் பட்டியல் என்றால் பட்டியல்தான். பெயர், உறவு, எப்போதிருந்து இருக்கிறார், அவ்வளவு. அடையாள அட்டையின் இரண்டு பக்கப் படம், வாகன இலக்கம், வேலைத்தலத் தொலைபேசி இலக்கம் என்று பொலிஸின் பேரில் வரும் வதிவோர் படிவங்களில் நீளும் வரிகளை அந்தப் பிரிவின் தலையில் கட்ட முடியாது என்பது என் வாசிப்பு. கேட்பது பொலிஸ், பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். நடுவில் நிர்வாகக் குழு தனக்கென ஒரு பிரதி வைத்துக்கொள்ள இதில் இடம் இல்லை.

செய்ய வேண்டியது: ஒரு தாளில் பட்டியலை எழுதி, திகதி இட்டு, "பொலிஸ் கட்டளைச் சட்டம் 76 ஆம் பிரிவின் கீழ் கேட்டதற்கிணங்க" என்று தலைப்பிட்டு, கையெழுத்து வைத்து இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைப் பொலிஸ் நிலையத்தில் கொடுத்து மற்றதில் பெற்றுக்கொண்டதாக ஒப்பம் கேளுங்கள். வீட்டுக்கு வந்தால் வந்தவரின் பெயர், பதவி, பொலிஸ் இலக்கம், நிலையம் நான்கையும் அவர் முன்னாலேயே குறித்துக்கொள்ளலாம். நிதானமாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். தமிழில் எழுதிக் கொடுக்கலாம். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை கொழும்பிலும் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையைத் தருகிறது.

இன்னும் ஒன்று. பொலிஸ் உண்மையாகக் கேட்டதா என்று அறிய வழி இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொலிஸின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் போடுங்கள். மூன்று விடயம் மட்டும் கேளுங்கள்: இந்தப் படிவம் எந்தச் சுற்றறிக்கையின் கீழ் விநியோகிக்கப்பட்டது, அந்தச் சுற்றறிக்கையின் பிரதி, சேர்த்த படிவங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள். "ஏன்" என்று தொடங்கும் கேள்வி வேண்டாம். சட்டம் கையில் உள்ள ஆவணத்தைத்தான் தரச் சொல்கிறது, விளக்கத்தைக் கேட்டால் தட்டிக்கழிக்க இடம் கொடுத்ததாகிவிடும். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 14 வேலை நாளுக்குள் தீர்மானம் வர வேண்டும்; வராவிட்டால் அல்லது மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

2025 ஜூன் 7, காலை 7.25 · காலிவீதி

இன்றைக்கு ஜூன் 7. 2007 இல் இதே நாள் விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்கள். தங்கியிருக்கச் சரியான காரணம் இல்லாதவர்கள் என்று சொல்லப்பட்டது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில் உயர் நீதிமன்றம் மறுநாள், ஜூன் 8 ஆம் திகதி, அதை நிறுத்தி இடைக்கால உத்தரவு போட்டது.

அதற்கு முந்திய தலைமுறைக்கு 1983 ஜூலை. வீடு வீடாக வந்தவர்களின் கைகளில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வாக்குப் போடுவதற்காகச் சேர்த்த பெயர்கள் அவை.

மேல்மாடித் தங்கச்சியிடம் "மறைக்க ஒண்டும் இல்லாட்டி" என்று கேட்டவருக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். இடாப்பில் பெயர் எழுதிய யாருக்கும் மறைக்க எதுவும் இருக்கவில்லை. ஒரு காரியத்துக்கென்று சேர்த்த பட்டியல் இன்னொரு காரியத்துக்குப் போனது. இன்றைக்குக் குழுவில் இருப்பவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். அவர்கள் சேர்க்கும் கோப்பு அவர்களுக்குப் பிறகும் இருக்கும்.

2025 ஜூன் 8, மாலை 4.45 · செப்புக்கம்பி

இதே குழுக்கள்தான் சிசிடிவியும் பூட்டுறவை. அதைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை, ஆனாலும் எழுதுறன், ஏனெண்டா அடையாள அட்டையை விட அது உங்களைப் பற்றிக் கூடச் சொல்லும்: எத்தினை மணிக்கு வெளிக்கிடுறியள், ஆர் வந்து போகினம், எப்ப வீடு பூட்டிக் கிடக்குது.

முதல் கணக்கு. 1080 தரக் கமரா ஒண்டு செக்கனுக்கு 2 மெகாபிட் படி இடைவிடாமல் பதிஞ்சால் ஒரு நாளைக்கு 21.6 கிகாபைட். எட்டுக் கமரா எண்டால் ஒரு நாளைக்கு 173 கிகாபைட். ஒரு டெராபைட் டிஸ்க் ஆறு நாள் கூடப் பிடிக்காது, நாலு டெரா 23 நாள். எவ்வளவு நாள் வைக்கிறதெண்டு குழு கூட்டம் போட்டு முடிவெடுத்தாலும் உண்மையில முடிவெடுக்கிறது டிஸ்க்தான், பழசின்ர மேல புதுசு எழுதுப்படும். 14 நாளுக்கு 2.5 டெரா போதும். அதுக்கு மேல பெரிய டிஸ்க் போட்டிருந்தால் பதிவுநாள் வரையறையை மெனுவில 14 எண்டு வையுங்கோ.

பூட்டினவர் தன்ர போன் செயலியில உங்கட பதிவுப் பெட்டியையும் சேர்த்து வைச்சிருப்பார், சோதிச்சுப் பாக்கிறதுக்கு. வேலை முடிஞ்சாப் பிறகும் அது அப்பிடியே இருக்கும். பெட்டியின்ர பயனர் பட்டியலைத் திறந்து, அட்மின் கடவுச்சொல்லை மாத்தி, பகிர்ந்த கணக்குகளை நீக்குங்கோ. பழைய பெட்டிகளில 12345 எண்டே இருக்கும். ரவுட்டரில 554, 8000, 37777 போர்ட்டுகள் (இணையத்தில இருந்து உள்ள வாற வாசல்கள்) வெளியால திறந்திருந்தால் மூடுங்கோ, அந்த வாசல்களைத் தானாகத் திறக்க விடுற யூபிஎன்பியையும் நிப்பாட்டுங்கோ. 2021 செப்டெம்பரில ஹிக்விஷன் கமராக்களில கடவுச்சொல்லே இல்லாமல் உள்ள போற ஒரு ஓட்டை வெளிவந்தது. மென்பொருளைப் புதுப்பிக்காத பெட்டிகள் அதுக்கு இப்பவும் திறந்துதான் கிடக்கும்.

லிப்டுக்கு முன்னால இருக்கிற கமரா எதிர்வீட்டுக் கதவுக்குள்ள பாக்குதெண்டால் கமராவைக் கழட்டத் தேவையில்லை. மெனுவில "பிரைவசி மாஸ்க்" எண்டு இருக்கும், கதவு வாற இடத்தில ஒரு கறுப்புப் பெட்டி போடலாம், அது பதிவிலயும் கறுப்பாகவே விழும். மைக் இருந்தால் நிப்பாட்டுங்கோ. களவைப் பிடிக்கப் படம் காணும், வாசலில நிண்டு சனம் கதைக்கிறது தேவையில்லை. பெட்டியின்ர மணிக்கூட்டையும் பாருங்கோ. உள்பட்டரி செத்தால் கரண்ட் போய் வாற ஒவ்வொரு முறையும் நேரம் பின்னுக்குப் போகும். பிறகு ஒரு முறைப்பாட்டுக்கு அந்தப் பதிவை எடுத்தால் நேரம் பொருந்தாது, பிழையான ஆள் மாட்டுப்படலாம்.

2025 ஜூன் 10, போயா, பகல் 2.30 · காலிவீதி

தனிப்பட இரண்டு பேர் கேட்டது: பொலிஸ் போனைக் கேட்டால்?

2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் தேடுதலுக்கு நீதவானின் ஆணையைச் சொல்கிறது, சான்று அழிந்துவிடும் என்ற அவசரத்துக்கு விதிவிலக்கும் வைத்திருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம், 1979 இன் 48, வேறு கதை. அங்கே ஆணை இல்லாமலே நிறைய நடக்கும். கணினிக் குற்றச் சட்டம் விசாரணைக்கு ஒத்துழைக்கும் கடமையையும் விதிக்கிறது. ஆகவே "கடவுச்சொல் சொல்லவே தேவையில்லை" என்று வெளிநாட்டுக்காரர் எழுதியதை வாசித்துவிட்டு இங்கே அதையே சொல்ல வேண்டாம். "சட்டத்தரணியோடு பேச வேண்டும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

நீங்கள் உறுதியாகக் கேட்க வேண்டியது பட்டியல். எடுத்த பொருள்களின் முழுப் பட்டியல், எடுத்த திகதி, நேரம் எல்லாம் எழுத்தில் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அதில் போனுக்குரிய தனி அடையாள இலக்கமான ஐஎம்இஐ வர வேண்டும். நட்சத்திரம் சதுரம் 06 சதுரம் (*#06#) அழுத்தினால் வரும்; இரண்டு சிம் போனில் இரண்டு இலக்கம். இதை முன்கூட்டியே எழுதி வீட்டில் வையுங்கள், போன் போனபிறகு அதைப் பார்க்க வழியில்லை. சிம், மெமரி கார்ட் வேறுவேறாகக் குறிக்கப்பட்டதா என்று பாருங்கள். போன் உயிரோடு இருந்ததா நிறுத்தியிருந்ததா என்பதையும் எழுதுவிக்கலாம்.

போன் முழுதாக நிறுத்தப்பட்டு, பிறகு ஒருமுறைகூடத் திறக்கப்படாமல் இருக்கும் நிலைதான் அதிகப் பாதுகாப்பு. அந்த நிலையில் உள்ளிருக்கும் கோப்புகளின் திறவுகோல் இன்னும் நினைவகத்துக்கு வந்திருக்காது. ஒருமுறை திறந்தபின் திரை பூட்டியிருந்தாலும் திறவுகோல் உள்ளே நிற்கும். நிறுத்த நேரம் இல்லையென்றால் ஐபோனில் பக்கப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் இரண்டு செக்கன் சேர்த்துப் பிடியுங்கள், முகத்தால் திறப்பது நின்றுவிடும். அன்ட்ரொயிட்டில் பவர் மெனுவில் "லொக்டவுன்". சாம்சங்கில் அதைப் பூட்டுத்திரைச் செட்டிங்ஸில் முன்பே இயக்கி வைக்க வேண்டும். நான்கு இலக்கப் பின் (PIN) எண்ணை ஆறாகவோ எட்டாகவோ மாற்றுங்கள்.

வாக்குமூலம் தமிழில் எழுதக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். கவிஞர் அஹ்னாப் ஜசீம் 2020 மே மாதம் கைதானார், தமிழில் எழுதிய கவிதைகளுக்காக. பிணை கிடைத்தது 2021 டிசெம்பரில், விடுதலை 2023 டிசெம்பரில். தமிழ்க் கவிதையைப் பிழையாக வாசித்ததற்கு ஒரு இளைஞனின் வாழ்க்கையில் மூன்றரை வருடம் போனது. இதை எழுதும்போது இப்போதும் கோபம் வருகிறது.

அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம், 126 ஆம் உறுப்புரை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் அவர்களின் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. அவர்களின் அவசர இலக்கம் 1996.

2025 ஜூன் 10, இரவு 7.10 · செப்புக்கம்பி

அடையாள அட்டையைக் குரூப்பில பரப்பினவைக்கு எதிரா நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில (ஒன்லைன் சேப்டி அக்ட்) முறையிடலாமோ அண்ணா?

2025 ஜூன் 10, இரவு 8.00 · காலிவீதி

வேண்டாம் தம்பி. 2024 ஜனவரி 24 ஆம் திகதி 108 க்கு 62 என்று நிறைவேறிய அந்தச் சட்டம் பேச்சை அடக்கத்தான் முதலில் உதவும் என்று எதிர்த்தவர்கள் நாங்கள். அயலவரோடு உள்ள பிரச்சினைக்கு அதைத் தூக்கினால் நாளைக்கு அது நம் பக்கம் திரும்பும்போது பேச வாய் இருக்காது. இதற்குரிய சட்டம் வேறு இருக்கிறது.

2025 ஜூன் 12, இரவு 9.30 · காலிவீதி

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கம். முழுமையாக நடைமுறைக்கு வருமுன் நம்பிப் போக வேண்டாம்: முக்கிய பிரிவுகள் 2025 மார்ச் 18 இல் வர இருந்து, திருத்தம் செய்வதற்காகப் பின்போடப்பட்டுவிட்டன. அரசியலமைப்பிலும் அந்தரங்கம் ஓர் உரிமையாக எழுதப்படவில்லை. தகவல் அறியும் உரிமையைத் தரும் 14 அ உறுப்புரையில் அந்தச் சொல் வருவது தகவல் மறுக்க ஒரு காரணமாகத்தான். இந்தியாவில் 2017 ஓகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதியரசர்கள் சேர்ந்து அதை அடிப்படை உரிமை என்றார்கள். நமக்கு அப்படி ஒரு தீர்ப்பு இல்லை. கைரேகை, கருவிழி, முகம் மூன்றையும் சேர்க்கும் டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிற நாட்டில் இது சின்னக் குறை இல்லை.

ஆனாலும் கடிதத்தில் அந்தச் சட்டத்தைச் சொல்லலாம், ஏனென்றால் குழு எப்படியும் ஒருநாள் அதற்குக் கட்டுப்படத்தான் போகிறது. வீட்டுத் தேவைக்குத் தரவு வைத்திருக்கும் தனிநபருக்குத்தான் விலக்கு. தொடர்மாடி முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் சட்டப்படி ஒரு கூட்டிணைக்கப்பட்ட அமைப்பு, குழு அதன் பேரில் செய்வது அந்த விலக்குக்குள் வராது. கடிதம் நான்கு வரி போதும்: என் தரவு எந்த நோக்கத்துக்கு, யார் பார்ப்பார், எங்கே எவ்வளவு காலம் இருக்கும், குரூப்பில் ஏறியதை நீக்கியதாக எழுத்தில் உறுதி தரவும். பதிலுக்கு 21 வேலை நாள் கொடுங்கள், 2022 இல் இயற்றியபோது சட்டத்தில் இருந்த அவகாசமும் அதுதான்.

2025 ஜூன் 16, இரவு 9.05 · மேல்மாடி

பட்டியலைக் கடதாசியில எழுதிக் குடுத்தம், ரெண்டு பிரதி. செயலாளர் முதல் யோசிச்சார், பிறகு ஒப்பம் வைச்சார். குரூப்பில இருந்ததில கொஞ்சம்தான் நீக்குப்பட்டிருக்கு, மிச்சப் பேர் ரெண்டு நாள் அவகாசத்தைத் தவற விட்டிட்டினம். இப்ப கேற்றில வருகையாளர் புத்தகம் ஒண்டு வைச்சிருக்கினம், வாறவை பேர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர் எழுதோணும். வோச்சரின்ர மேசைக்குக் கீழ பழைய புத்தகங்கள் ஒரு அடுக்குக் கிடக்கு.

2025 ஜூன் 16, இரவு 10.20 · காலிவீதி

தவற விட்டவர்கள் செய்யக்கூடியது: அட்மின் அந்தக் குரூப்பையே கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது, ஒவ்வொருவரும் பழைய குரூப்பை ஊடகங்களோடு சேர்த்து அழிப்பது. எல்லாரும் செய்ய மாட்டார்கள். செய்யும் ஒவ்வொரு போனும் லாபம்.

புத்தகத்தில் இலக்கம் எழுதும் நிரலை வெட்டச் சொல்லுங்கள். வோச்சர் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, "பார்த்தேன்" என்று ஒரு சரி அடையாளம் போட்டால் போதும். போன் நம்பரும் வேண்டாம், போகும் வீட்டு இலக்கம் இருந்தால் அந்த வீட்டைக் கேட்கலாம். ஒரு வருகையாளர் எழுதும்போது மேலே உள்ள இருபது பேரின் விபரமும் அவர் கண்ணில் படும். தடித்த கடதாசியில் ஒரு நீள் துவாரம் வெட்டி, எழுதும் வரி மட்டும் தெரியும்படி புத்தகத்தின் மேல் வைத்தால் அது தீரும்.

பழைய புத்தகங்களை எடைக்கு விற்க விட வேண்டாம். காலிமுகத்திடலில் கடலைச் சரையைப் பிரித்து வாசித்தவர்களுக்கு அந்தத் தாள்கள் எங்கே போகும் என்று தெரியும். மூன்று மாதம் கடந்த புத்தகத்தின் மட்டையைக் கழற்றி, தாள்களை நான்காகக் கிழித்து, வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி சலவைத்தூளோடு ஒரு இரவு ஊற விடுங்கள். காலையில் கையால் பிசைந்தால் கூழாகிவிடும். பேனை மை எதிர்பார்ப்பதைவிடக் கூடிய நேரம் அழியாமல் நிற்கும், ஆகவே பிசையாமல் அப்படியே கொட்ட வேண்டாம். 200 பக்கக் கொப்பி ஒன்றுக்கு ஒரு பெரிய வாளி போதும்.